பழைய டிஸ்க் புதுக் கன்சோலில் ஓடுமா? மலையில் இருப்பவர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புது கேம் கன்சோல் வாங்க நீலகிரியிலிருந்து கோயம்புத்தூர் இறங்குவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் டிஸ்க்குகளையெல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பி ஒரு பட்டியல் போடுங்கள். நான்கு பத்தி போதும்: கேமின் பெயர், எந்தக் கன்சோலுக்கானது, டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது, இனிமேலும் விளையாடுவீர்களா. கடைசிப் பத்தியை மனசறிந்து நிரப்புங்கள். எந்த மாடல் எடுப்பது, டிஸ்க் டிரைவ் வேண்டுமா, பழைய கன்சோலைத் தள்ளிவிடலாமா என்கிற மூன்று கேள்விக்கும் விடை அந்தத் தாளில்தான் இருக்கிறது.

பழைய கேம் ஓடுவதை வாங்குகிறவர்கள் உண்மையிலேயே பொருட்படுத்துகிறார்களா என்பது நெடுநாள் வழக்கு. 2017-இல் சோனியின் பிளேஸ்டேஷன் உயரதிகாரி ஜிம் ரயன், நிறையப் பேர் கேட்கும் வசதிதான், ஆனால் கொடுத்தால் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை என்றார். அதே ஆண்டு வந்த ஒரு கணக்கில், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஆட்கள் செலவிட்ட நேரத்தில் சுமார் 1.5 சதவீதமே முந்தைய தலைமுறையான எக்ஸ்பாக்ஸ் 360-இன் கேம்களுக்குப் போயிருந்தது. மைக்ரோசாஃப்ட் தரப்போ, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பழைய கேம் ஒன்றையாவது போட்டு விளையாடியிருக்கிறார்கள் என்றது. இரண்டு கணக்கும் சேர்ந்தே உண்மையாக இருக்க முடியும். பழைய கேமைத் தினமும் ஆடுகிறவர் குறைவு. ஆனால் பணம் கொடுக்கும் நாளில், கையில் இருக்கும் பத்துப் பதினைந்து டிஸ்க்கும் வீணாகாது என்ற உறுதி எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

நீலகிரியில் இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. 50 ஜிபி கேம் ஒன்றை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க 11 மணி நேரம் ஆகும். 40 எம்பிபிஎஸ் என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாளைக்கு 2 ஜிபி தரும் மொபைல் பேக்கை நம்பி இருந்தால் 25 நாள். பந்தலூர் பக்கம் ஆடி மாத மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் அந்தக் கணக்கும் நிற்காது. டிஸ்க்கில் இருக்கும் கேமோ உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. ஊட்டி டவுனுக்குள் நல்ல ஃபைபர் இணைப்பு இருப்பவரை விடுங்கள். எஸ்டேட் குவார்ட்டர்ஸிலும் ஹட்டிகளிலும் (படகர் ஊர்களிலும்) இருப்பவருக்கு டிஸ்க் டிரைவ் உள்ள மாடலைத்தான் சொல்வோம். சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ் 5) இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் மாடலுக்கும் டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடலுக்கும் விலை வித்தியாசம் 10,000 ரூபாய். பட்டியலில் 'இனியும் விளையாடுவேன்' என்று எழுதிய டிஸ்க்குகளைத் திரும்ப டிஜிட்டலாக வாங்க என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். ஏழெட்டு டிஸ்க் இருந்தாலே பெரும்பாலும் அந்த வித்தியாசம் கழிந்துவிடும்.

பிளேஸ்டேஷன்

பிஎஸ் 4 டிஸ்க் கிட்டத்தட்ட எல்லாமே பிஎஸ் 5-இல் ஓடும். 4,000-க்கும் மேற்பட்ட பிஎஸ் 4 கேம்களில் 99 சதவீதத்துக்கு மேல் ஓடும் என்று சோனி அறிவித்தது. ஓடாதவை சில மட்டும்; பிளேஸ்டேஷன் ஸ்டோரில் அந்தக் கேமின் பக்கத்தில் பிஎஸ் 4-இல் மட்டும் ஓடும் என்று குறிப்பு இருக்கும். சந்தேகம் உள்ள பெயரை வாங்கும் முன் அங்கே தேடிப் பாருங்கள். இரண்டு கன்சோலுக்கும் உள்ளே இருப்பது ஏஎம்டி-யின் ஒரே வம்சத்து பிராசஸர் என்பதால்தான் இது இவ்வளவு சுலபமாக நடக்கிறது. லோடிங் நேரம் குறைவதும் பல கேம்கள் சீரான வேகத்தில் ஓடுவதும் கூடுதல் லாபம்.

பிஎஸ் 3 டிஸ்க் கதை வேறு. அதில் இருந்த செல் பிராசஸர் தனி இனம். அதற்கு எழுதிய கேம் பிஎஸ் 4-இலும் ஓடாது, பிஎஸ் 5-இலும் ஓடாது. டிஸ்க்கைப் போட்டால் படிக்க முடியவில்லை என்ற செய்திதான் வரும். வெளிநாட்டில் சந்தா கட்டி பிஎஸ் 3 கேம்களை ஸ்ட்ரீமிங்கில் ஆடும் வழி இருக்கிறது. இந்தியாவில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் உச்ச அடுக்கு டீலக்ஸ். அதில் அந்த ஸ்ட்ரீமிங் சேர்க்கப்படவில்லை. ஆகவே பட்டியலில் பிஎஸ் 3 டிஸ்க் நாலு இருந்து, அதை ஆடும் ஆசையும் இருந்தால், பழைய பிஎஸ் 3-ஐ எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். கடைக்காரர் கழிக்கும் தொகை சொற்பம். அதே மெஷின் பிஎஸ் 1 டிஸ்க்கையும் படிக்கும். எல்லா பிஎஸ் 3-க்கும் அந்தத் திறன் உண்டு. 2006-07-இல் வந்த ஆரம்ப மாடல்கள் சில பிஎஸ் 2 டிஸ்க்கையும் படிக்கும், பின்னால் வந்தவை படிக்காது. பிஎஸ் 1 டிஸ்க் என்பது சிடி. பிஎஸ் 4, பிஎஸ் 5 இரண்டின் டிரைவும் சிடியையே படிக்காது என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மூன்று இடத்தில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒன்று, முதலில் வந்த டிஜிட்டல் எடிஷனில் பிஎஸ் 4 டிஸ்க்கை எந்த வழியிலும் ஓட்ட முடியாது; ஸ்லிம் டிஜிட்டல் எடிஷனில் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டினால்தான் ஓடும். இலவச பிஎஸ் 5 அப்கிரேடு உள்ள கேமாக இருந்தாலும், டிஸ்க்கில் வாங்கியிருந்தால் டிரைவ் வேண்டும். இரண்டு, 2023 இறுதியில் வந்த ஸ்லிம் மாடலின் டிரைவ் கழற்றி மாட்டக்கூடியது. முதல் தடவை அதை மாட்டும்போது கன்சோலுடன் இணைக்க இன்டர்நெட் வேண்டும். வீட்டில் லைன் இல்லையென்றால் மொபைல் ஹாட்ஸ்பாட் போதும், டேட்டா அதிகம் போகாது. மூன்று, பிஎஸ் 4 கன்ட்ரோலர். அதை பிஎஸ் 5-இல் இணைத்து பிஎஸ் 4 கேம் ஆடலாம், பிஎஸ் 5 கேம் ஆட முடியாது. இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வீட்டில் இரண்டாவது புதுக் கன்ட்ரோலருக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

எக்ஸ்பாக்ஸ்

பழைய கேம் விஷயத்தில் மைக்ரோசாஃப்ட்காரர்கள்தான் அதிகம் உழைத்தவர்கள். 2015-இல் 360 கேம்களையும், 2017-இல் முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸின் கேம்களையும் கொண்டுவந்தார்கள். 2021 நவம்பரில் 76 கேம்களைச் சேர்த்து, பட்டியல் அத்துடன் முடிந்தது என்று அறிவித்தார்கள். இரண்டு தலைமுறையும் சேர்த்து 600-க்கும் மேல். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத 360 டிஸ்க், புது எக்ஸ்பாக்ஸான சீரிஸ் எக்ஸில் ஓடாது, இனி ஓடப்போவதும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்கள், கினெக்ட் கேமரா தேவைப்படுபவை தவிர, எல்லாம் ஓடும்.

இங்கே மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 360 டிஸ்க்கை சீரிஸ் எக்ஸில் போட்டால் கேம் டிஸ்க்கிலிருந்து காப்பி ஆகாது. டிஸ்க் வெறும் சாவி மட்டும். புதுக் கன்சோலுக்கென மாற்றிக் கட்டிய கேம் முழுவதும் இன்டர்நெட்டில் இறங்க வேண்டும். 360 டிஸ்க் டிவிடி என்பதால் அளவு பெரும்பாலும் 10 ஜிபிக்குள் அடங்கும். அதற்குப் பிறகும் ஆடும்போது டிஸ்க் உள்ளேயே இருக்க வேண்டும். மெதுவான லைன் உள்ளவர்கள் ராத்திரி படுக்கும்போது இறக்கப் போடுங்கள்.

அதைவிட மலிவான சீரிஸ் எஸ்-இல் டிரைவ் கிடையாது, வெளியிலிருந்து மாட்டும் வழியும் கிடையாது. விலையைப் பார்த்து அதை எடுத்துவிட்டு வீட்டில் டிஸ்க்கோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. 360-இன் ஸ்டோர் 2024 ஜூலை 29-இல் மூடப்பட்டது. ஆனாலும் பட்டியலில் உள்ள 360 கேம்களைப் புதுக் கன்சோலின் ஸ்டோரில் இப்போதும் வாங்கலாம்.

நின்டெண்டோ பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் அது இறக்குமதிச் சரக்காகத்தான் கிடைக்கிறது. வாரண்டியைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, பழைய ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றை ஓட்டும், ஆனால் முதலில் ஒரு சிஸ்டம் அப்டேட் போட வேண்டும். பழைய ஜாய்கான் கன்ட்ரோலர் பக்கவாட்டில் மாட்டாது, வயர்லெஸ்ஸில் இணையும். பழைய மைக்ரோ எஸ்டி கார்டில் கேம் வைக்க முடியாது. மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு தேவை. புது கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது அட்டையில் கேம்-கீ கார்டு என்று இருந்தால் உள்ளே கேம் இல்லை, டவுன்லோடு செய்தாக வேண்டும்.

டிஸ்க்கைப் பார்க்கும் முறை

டிஸ்க்கின் ஓரத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்துத் திருப்புங்கள். வெளிச்சம் வழுக்கிப் போகும்போது கோடுகள் தெரியும். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் மெல்லிய கோடு பெரும்பாலும் தொல்லை தராது. தடத்தோடு சேர்ந்து வட்டமாக ஓடும் கீறல்தான் ஆபத்து, ஏனென்றால் லேசர் அதன்மேல் நெடுநேரம் ஓட வேண்டியிருக்கிறது. காம்பஸால் வரைந்தாற்போல் முழு வட்டம் விழுந்த 360 டிஸ்க் செகண்ட் ஹேண்டில் அடிக்கடி வரும். டிஸ்க் சுற்றும்போது கன்சோலை அசைத்ததால் விழுந்தது அது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்று கடைகளில் சொல்வார்கள். பிஎஸ் 2, 360 டிஸ்க்குகளுக்குச் சரி. டிவிடியில் டேட்டா அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால் மேலே கொஞ்சம் தேய்க்க இடம் உண்டு. பிஎஸ் 3, பிஎஸ் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்குகள் புளூரே. அதில் டேட்டா மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு கடினப் பூச்சு. பாலிஷ் மெஷினில் போட்டால் முதலில் போவது அந்தப் பூச்சு, அடுத்தது கேம். சிடிக்கு நேர்மாறு: டேட்டா லேபிள் பக்கத்துக்கு அடியிலேயே இருப்பதால் படம் அச்சிட்ட பக்கத்தில் விழும் கீறல்தான் அதைக் கொல்லும்.

மலையில் கீறலைவிடப் பூஞ்சணம் அதிகம் கெடுக்கிறது. கேஸைத் திறந்ததும் மக்கிய காகித வாடை வந்தால், உள்ளே செருகியிருக்கும் அச்சுத் தாள் ஓதம் குடித்திருக்கிறது என்று பொருள். டிஸ்க்கில் அது சாம்பல் நிறத்தில், மயிரிழைபோல் கிளைவிட்ட புள்ளிகளாகத் தெரியும், விளிம்பருகே அதிகமாக. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் தடவுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. நல்ல தண்ணீரில் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு மணி நேரம் நிழலில் காயவிட்ட பிறகே டிரைவில் போடுங்கள். பூஞ்சணத்தோடு போட்டால் அதுவும் தூசியும் லென்ஸில் ஒட்டி, நல்ல டிஸ்க்குகளையும் படிக்காமல் ஆக்கும். பெட்டிகளை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். கூடலூரில் தென்மேற்கு மழைக்கும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் முன்னால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பாக்கெட் நாலைந்தோடு அடுக்கிவிடுங்கள். அச்சுத் தாள்களை எடுத்துத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

டவுன்லோடு இல்லாமல் பிஎஸ் 4-இலிருந்து பிஎஸ் 5-க்கு

டேட்டா குறைவாக உள்ளவர்களுக்கு இதுதான் நல்ல வழி. 250 ஜிபி முதல் 8 டிபி வரையிலான யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் ஒன்றை பிஎஸ் 4-இல் செருகி, எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜாக ஃபார்மேட் செய்யுங்கள். அதில் ஏற்கெனவே இருக்கும் கல்யாண வீடியோவோ ஃபோட்டோவோ எல்லாம் அழிந்துவிடும். முதலில் வேறெங்காவது எடுத்து வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய், கேம்களை அப்டேட்டுகளோடு சேர்த்து அந்த டிரைவுக்கு மூவ் செய்யுங்கள். முடிந்ததும் குயிக் மெனுவில் எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜை நிறுத்திவிட்டுக் கழற்றி, பிஎஸ் 5-இன் பின்பக்க யுஎஸ்பியில் செருகினால் கேம்கள் அப்படியே தெரியும். மறுபடி இறக்க வேண்டாம், அந்த டிரைவிலிருந்தே ஆடலாம். டிஸ்க்கில் வாங்கியவற்றுக்கு மட்டும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். பிஎஸ் 5 கேம்களை அந்த டிரைவில் சேமித்து வைக்கலாம், ஆனால் அங்கிருந்து ஆட முடியாது.

இதில் விட்டுப்போவது சேவ், அதாவது கேமில் நீங்கள் எதுவரை ஆடியிருக்கிறீர்கள் என்ற பதிவு. சேவ் எப்போதும் கன்சோலின் உள் ஸ்டோரேஜில்தான் இருக்கும், வெளி டிரைவோடு வராது. எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட் 32-இல் ஃபார்மேட் செய்த வேறொரு பென் டிரைவைச் செருகி, பிஎஸ் 4 செட்டிங்ஸில் அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட்டைத் திறந்து யுஎஸ்பிக்குக் காப்பி கொடுங்கள். பிஎஸ் 5-இல் சேவ்டு டேட்டா பகுதியில் பிஎஸ் 4-க்கான பிரிவில் யுஎஸ்பியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் சந்தா வேண்டாம், ஆனால் இரண்டு கன்சோலிலும் அதே அக்கவுன்ட்டாக இருக்க வேண்டும். அண்ணன் அக்கவுன்ட்டில் ஆடிய சேவ் தம்பி அக்கவுன்ட்டில் திறக்காது. பிஎஸ் 4 பதிப்பின் சேவ் ஃபைலை அதே கேமின் பிஎஸ் 5 பதிப்பு தானாக எடுத்துக்கொள்ளாது. கேமின் மெனுவுக்குள் அதற்கான வழி இருந்தால்தான் உண்டு. பிஎஸ் 5 கேமின் சேவ் ஃபைலைப் பென் டிரைவில் எடுக்கவும் முடியாது, அதற்குச் சந்தாவோடு வரும் கிளவுட்தான்.

360 வைத்திருப்பவர்கள் அதை இன்டர்நெட்டில் இணைத்து, ஸ்டோரேஜில் கிளவுட் சேவ்டு கேம்ஸை ஆன் செய்து சேவ்களை அங்கே நகர்த்துங்கள். அதே அக்கவுன்ட்டில் சீரிஸ் எக்ஸில் கேமைத் திறந்தால் சேவ் வரும். 360 கேம்களையும் எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்களையும் 128 ஜிபிக்கு மேற்பட்ட யுஎஸ்பி 3.0 டிரைவிலிருந்தே ஆடலாம்.

கரண்டும் குளிரும்

கேம் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அடுத்த முறை பிஎஸ் 5 வெளி டிரைவைச் சரிபார்த்துப் பழுதுபார்க்கும். அடிக்கடி நடந்தால் டிரைவில் உள்ளது கெடும். ஆடும்போது பிஎஸ் 5 சுமார் 200 வாட் இழுக்கிறது. டிவியும் மோடமும் சேர்த்தால் 300 வாட் பக்கம் போகும். 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தரும் என்பதால் மூச்சுத் திணறும். 1000 விஏ எடுங்கள். அது தரும் சில நிமிடங்கள் சேவ் செய்து முறையாக அணைப்பதற்கு. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அதன் சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதா மோடில் மாறும் நேரம் நீளமாக இருப்பதால் கன்சோல் அணைந்துவிடும். இடி இடிக்கும் மாலைகளில் ரெஸ்ட் மோடை நம்பாமல் பிளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, மோடத்தின் அடாப்டர் கடத்தும்.

பிஎஸ் 5-க்கு சோனி சொல்லும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை. ஊட்டியில் மார்கழி, தை உறைபனி நாட்களில் காலையில் அறை அதற்குக் கீழே போகும். அறை சற்றுச் சூடான பிறகு ஆன் செய்யுங்கள். நீர் கோத்துக்கொள்வது பற்றிப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். கீழிருந்து சூடாக வரும் கன்சோல் குளிர்ந்த அறைக்குள் நுழைந்தால் நீர் கோக்காது. குளிரில் கிடந்த கன்சோலை எக்ஸ்சேஞ்சுக்காக மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் புழுக்கத்துக்குக் கொண்டுபோனால்தான் உள்ளே ஈரம் படியும். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வையுங்கள், கடைக்காரர் அவசரப்பட்டாலும் சரி. வண்டியில் கால் வைக்கும் இடத்தில், டிரைவில் டிஸ்க் இல்லாமல் வைத்துக் கொண்டுபோங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சீட் மேல் வைத்த பெட்டி நிற்காது.

கடையில்

உங்கள் டிஸ்க்குகளில் மூன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்: இருப்பதில் பழையது, அதிகம் கீறல் விழுந்தது, நீங்கள் அதிகம் ஆடுவது. செகண்ட் ஹேண்ட் கன்சோல் என்றால் மூன்றையும் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். டிஸ்க் உள்ளே போனதும் காதை அருகில் வையுங்கள். சீராகச் சுற்றும் சத்தம் சரி. சுற்றி நின்று, மறுபடி சுற்றி நின்று கொண்டிருந்தால் லென்ஸ் தளர்ந்திருக்கிறது. இன்ஸ்டால் பாதிக்கு மேல் ஏறும்வரை காத்திருங்கள். டிஸ்க்கின் பெயர் திரையில் வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், உள்வட்டத்தைப் படித்துவிட்டு வெளிவட்டத்தில் திணறும் டிரைவ் நிறைய உண்டு.

புதுப் பெட்டியைக் கடையிலேயே பிரித்து சிஸ்டம் அப்டேட்டை அங்கேயே போட்டுத் தரச் சொன்னால் மலையில் ஒரு வேலை மிச்சம். முடியாவிட்டால் நல்ல லைன் உள்ள இடத்தில் கம்ப்யூட்டரில் சோனியின் தளத்திலிருந்து அப்டேட் ஃபைலை இறக்கி, பென் டிரைவில் பிஎஸ் 5 என்ற ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்ற ஃபோல்டர், இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இடைவெளி இல்லாமல், அதற்குள் ஃபைல் என்று வையுங்கள். ஃபைலின் பெயரை மாற்றினால் கன்சோல் கண்டுகொள்ளாது.

பழைய கன்சோலை அன்றைக்கே கொடுத்துவிட்டு வராதீர்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கேமையும் திறந்து, சேவ் விட்ட இடத்தில் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகு, பழையதில் உங்கள் அக்கவுன்ட்டை டீஆக்டிவேட் செய்து, இனிஷியலைஸ் கொடுத்து எல்லாவற்றையும் அழித்து, அடுத்த முறை இறங்கும்போது கொண்டுபோங்கள்.